மடக்குக் கத்தியில் ஒரு முழுச் சமையல்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

டர்பனிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி டிராக்கென்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் கூடாரம் போடுகிற நம் ஆட்களிடம் மூன்று கால் போய்க்கிச் சட்டி இருக்கும், மசாலா டப்பா இருக்கும், ஐஸ் பெட்டியில் கோழி இருக்கும், கத்தியை மட்டும் பக்கத்துக் கூடாரத்தில் கடன் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எடுத்து வந்தவர்களும் அடுக்களைக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். அது வழியிலேயே காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து தக்காளிப் பையைக் குத்தி வைத்திருக்கும், சில நேரம் பைக்குள் கைவிட்டவர் விரலையும் பதம் பார்த்துவிடும். அலகு பிடிக்குள் மடங்கிக்கொள்கிற பெரிய கத்தி ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒன்பது வருடமாக முகாம் சமையல் முழுவதையும் ஒரே ஒரு மடக்குக் கத்தியில்தான் செய்கிறேன், வெங்காயம் உரிப்பதிலிருந்து கோழியைப் பிரிப்பது வரை. வீட்டிலும் பாதி நாள் அதுதான் கையில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். அடுக்களைக் கத்தியில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: கீல். விரல் வெட்டுப்படுவது, பூட்டு ஆடுவது, துரு, அழுக்கு, வாடை, எல்லாம் அநேகமாக அந்த ஒரு அங்குல இடத்திலிருந்துதான் வருகின்றன. கீலுக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துவிட்டால் மீதியைக் கை தானாகவே பழகிக்கொள்ளும்.

எந்தக் கத்தி வாங்கலாம்

அலகு 10 முதல் 12 செ.மீ. வரை இருக்கட்டும். 8 செ.மீ. கத்தியில் ஆப்பிள் வெட்டலாம், ஆனால் பெரிய வெங்காயத்தை ஒரே இழுப்பில் வெட்ட முடியாது, நடுவில் நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கும். நீளத்தைவிட முக்கியமானது கனம். அலகின் முதுகை மேலிருந்து பாருங்கள். 2 மி.மீ. அளவில் இருந்தால் சமையலுக்கு ஆகும். 3, 4 மி.மீ. தடிமனில், கறுப்புச் சாயம் பூசி, படைவீரர் கத்தி மாதிரி விற்கிறார்களே, அதில் கேரட்டை வெட்டிப் பாருங்கள், பாதி வரை இறங்கி அப்புறம் டக்கென்று பிளந்து ஒரு துண்டு தரையில் போய் விழும். வெட்டுகிற கத்தி வேறு, பிளக்கிற கத்தி வேறு. ரம்பப் பல் வைத்ததும் வேண்டாம், அதை வீட்டில் சாணை பிடிக்கப் பெரும்பாடு.

இந்த அளவில் எனக்குப் பழக்கமானவை இரண்டு. ஒன்று ஓப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி, பீச் மரப் பிடி, அளவுக்கு ஒரு நம்பர். 10-ஆம் நம்பரில் அலகு 10 செ.மீ., 12-ஆம் நம்பரில் 12 செ.மீ. என்று நினைவு வைத்துக்கொள்வது சுலபம். 13-ஆம் நம்பரில் அலகு 22 செ.மீ., பார்க்க அழகாக இருக்கும், பைக்குள் அடங்காது. கழுத்தில் ஓர் உலோக வளையம் இருக்கும், அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும், இந்தப் பூட்டு 1955-ல் வந்தது. அலகு மெல்லியது, தக்காளிக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். முதல் கத்தி எது என்று கேட்டால் இதன் 10-ஆம் நம்பரைச் சொல்வேன்.

இன்னொன்று ஓக்காப்பி. இங்கே வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தாத்தா காலத்திலிருந்து வீட்டில் எங்காவது ஒன்று கிடக்கும். 1902-ல் ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன் காலனிகளுக்கு அனுப்புவதற்காக ஜெர்மனியில் செய்ய ஆரம்பித்தது. 1988-ல் அங்கே நின்றுபோய், தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்று பெயரையும் அச்சுக் கருவிகளையும் வாங்கி இங்கேயே செய்யத் தொடங்கியது. பிடியில் பிறையும் நட்சத்திரங்களும் பதித்திருக்கும், திறக்கும்போது கடகடவென்று பல்சக்கரச் சத்தம் வரும், மடக்குவதற்கு முதுகில் இருக்கிற வளையத்தை இழுக்க வேண்டும். விலை குறைவு, உழைப்பு அதிகம். ஒரே குறை, கத்திக்குக் கத்தி இறுக்கம் மாறும், அதனால் கடையில் வைத்தே திறந்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, லொடலொடவென்று ஆடினால் அடுத்ததைக் கேளுங்கள்.

கார்பன் இரும்பா, துருப்பிடிக்காத எஃகா? ஓக்காப்பி என்றால் கார்பன்தான். ஓப்பினெல் இரண்டிலும் வரும். நான் கார்பன் பக்கம், ஏனென்றால் கல்லில் பத்து இழுப்பில் கூர் திரும்பிவிடும். ஆனால் நீங்கள் அமான்சிம்டோட்டியிலோ அம்லாங்காவிலோ கடலைப் பார்த்தபடி இருக்கிற வீட்டில் குடியிருந்தால், உப்புக்காற்றுக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் துரு ஏறும், அங்கே முதல் கத்தி எஃகாகவே இருக்கட்டும்.

வாங்கி வந்த அன்று

முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆலையில் பூசிய எண்ணெய் சாப்பிடுவதற்கானது இல்லை.

கார்பன் கத்தி என்றால் அடுத்த வேலை அதைக் கறுக்க வைப்பது. புதுக் கார்பன் அலகில் வெங்காயம் வெட்டினால் வெங்காயம் சாம்பல் நிறமாகி இரும்பு வாடை அடிக்கும், புளிப்பான எதைத் தொட்டாலும் அதே கதை. வினிகரில் துணியை நனைத்து அலகு முழுவதும் பூசி அரை மணி நேரம் விட்டுக் கழுவித் துடையுங்கள். சாம்பல் நிறம் ஏறியிருக்கும். இரண்டு மூன்று முறை செய்தால் நன்றாகப் படியும். அப்புறம் சமைக்கச் சமைக்கத் தக்காளி ஒரு நிறம் கொடுக்கும், வாழைக்காய் கருநீலம் கொடுக்கும், மாங்காய் இன்னொன்று கொடுக்கும். அந்தப் படலம் அழுக்கு இல்லை, அதைத் தேய்த்து வெள்ளையாக்காதீர்கள், அலகுக்கு அதுதான் சட்டை. சாம்பலும் கறுப்பும் நல்லது, செம்பழுப்பு மட்டும்தான் துரு, அதைப் பார்த்த உடனே பாத்திரம் தேய்க்கிற நாரால் எடுத்துவிடுங்கள்.

கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எந்த எண்ணெய் என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெய் இரண்டு மாதத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் டர்பனில் சரி, மலையில் ஜூலை மாதக் குளிரில் வெள்ளையாக உறைந்து கீலுக்குள் மெழுகு ஊற்றின மாதிரி நிற்கும். மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேட்டால் நிறமும் வாசனையும் இல்லாத ஒரு எண்ணெய் கொடுப்பார்கள், மலச்சிக்கலுக்குக் குடிக்கக் கொடுப்பதும் அதுதான், அது போதும். இந்த ஊரில் வெறும் பாரஃபின் என்றால் அடுப்புக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய், அது விஷம். கடைக்கு வேறு யாரையாவது அனுப்புவதாக இருந்தால் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

மரப்பிடிக்கு ஒரு குணம் உண்டு. ஜனவரி மாத ஈரக்காற்றில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். ஓப்பினெலில் இப்படி ஆனால் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருகிவிட்டு, பிடியின் வால்பக்கத்தை மேசையில் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், அப்புறம் பிடித்து இழுக்கலாம். சவோய்க்காரர்களின் பழைய வழி இது. மரம் காய்ந்ததும் தானாகவே சரியாகிவிடும், உப்புத்தாளை எடுத்துப் பிடியைத் தேய்க்க அவசரப்படாதீர்கள்.

அன்று சாயங்காலமே இன்னொன்றும் செய்யுங்கள். கத்தியைத் திறப்பது, பூட்டுவது, பூட்டை எடுப்பது, மடக்குவது, இதை இருபது முறை மெதுவாகச் செய்து பழகுங்கள். மடக்கும்போது விரல்கள் அலகு வருகிற காடியில் இருக்கக் கூடாது, பிடியின் இரண்டு பக்கங்களில் மட்டும் இருக்க வேண்டும். எனக்கு விழுந்த ஒரே தையல் இப்படித்தான் விழுந்தது. சமைக்கும்போது இல்லை, சமைத்து முடித்துப் பேசிக்கொண்டே மடக்கும்போது.

பிடிப்பதும் நறுக்குவதும்

இனி நறுக்குப்பலகை முன்னால் நில்லுங்கள். அடுக்களைக் கத்தியில் அலகு பிடியைவிடக் கீழே இறங்கியிருக்கும், அதனால் பலகையில் வைத்து அழுத்தினாலும் கை பலகையைத் தொடாது. மடக்குக் கத்தியில் அலகும் பிடியும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அடுக்களைக் கத்தி மாதிரி பலகையின் நடுவில் வைத்து நறுக்கினால் அலகு பலகையைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் விரல்முட்டி பலகையில் இடிக்கும், வெங்காயம் அடியில் வெட்டுப்படாமல் சீப்பு மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். புதியவர்கள் கத்தியைக் குறை சொல்லித் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

வழி சுலபம். காயைப் பலகையின் வலது ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள், இடதுகைக்காரர்கள் இடது ஓரத்துக்கு. அலகு மட்டும் பலகை மேல் இருக்கட்டும், பிடியும் கையும் பலகைக்கு வெளியே காற்றில் இருக்கட்டும். இப்போது முட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. முகாமில் பலகையை மேசை நடுவில் போடாமல் மேசை ஓரத்தோடு ஒட்டிப் போடுங்கள், அடியில் ஒரு ஈரத்துணி, இல்லாவிட்டால் பலகை வழுக்கும்.

பிடிப்பது முழுக்கையாலும். கட்டைவிரல் அலகின் முதுகு மேல், மற்ற நான்கும் பிடியைச் சுற்றி. ஆட்காட்டி விரலைக் கீல் பக்கம் அடியில் நீட்டி வைக்காதீர்கள், பூட்டு தவறினால் முதலில் போவது அதுதான்.

வெட்டுவது இழுப்பில். தொலைக்காட்சிச் சமையல்காரர்கள் கத்தி முனையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு தொட்டில் மாதிரி ஆட்டி நறுக்குகிறார்களே, அது இதில் வராது, அலகு நேராக இருப்பதால் ஆட ஒன்றும் இல்லை. அலகின் அடிப்பகுதியைக் காயில் வைத்து, உங்களை நோக்கி இழுத்துக்கொண்டே இறக்குங்கள், முனை பலகையைத் தொடும்போது வெட்டு முடிந்திருக்க வேண்டும். எடுத்து மறுபடி வைத்து இழுங்கள். பலம் கொடுக்காதீர்கள். பலம் கொடுக்க வேண்டியிருந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம், சாணைக் கல்லைத் தேடுங்கள்.

ஒரு வெங்காயம் செய்து பார்ப்போம். தலையை மட்டும் சீவிவிட்டு, வேர்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள், இதழ்களைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். தலையிலிருந்து வேர் வரை இரண்டாகப் பிளந்து தோலை உரித்து, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி பலகையின் ஓரத்தில் வையுங்கள். வேர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். இப்போது கத்தி முனையை வேருக்கு ஒரு விரற்கடை முன்னால் வைத்து உங்களை நோக்கி இழுங்கள், ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அரை வெங்காயத்துக்கு ஏழெட்டுக் கோடு போதும். அப்புறம் வெங்காயத்தைத் திருப்பி வைத்துக் குறுக்கே இழுத்தால் பொடிப்பொடியாக விழும். அடுக்களைக் கத்தியைவிட இந்த மெல்லிய முனையில் இது நன்றாக வரும், உண்மையாகவே சொல்கிறேன், ஏனென்றால் அலகு இதழ்களை விலக்காமல் உள்ளே நழுவுகிறது, சாறு குறைவாகத் தெறிக்கிறது, கண்ணும் குறைவாக எரிகிறது.

கையில் வைத்தே வெட்டுகிற வழக்கம் நம் வீட்டில் உண்டு. உருளைக்கிழங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை நோக்கி இழுத்து நேராகச் சட்டிக்குள் போடுகிற வேலையை அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். பலகையே இல்லாத இடத்தில் அது பெரிய வரம், ஆனால் 12 செ.மீ. அலகில் அதைப் பழகாதீர்கள், நீளம் அதிகம், முனை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. அலகைத் தரையில் நிறுத்தி அரிவாள்மணை மாதிரி காயை அதன் மேல் தள்ளுவதும் கூடவே கூடாது. அரிவாள்மணை மடங்காது, இது மடங்கும்.

ஒரு சட்டிக் கோழிக்கறி, எந்த வரிசையில்

டிராக்கென்ஸ்பெர்க்கின் மாஹாய் முகாமில் தண்ணீர்க் குழாய் கூடாரத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் நடுவில் கழுவ முடியாது. வரிசை சரியாக இருந்தால் ஒரு முறை கழுவினாலே போதும். பச்சையாகச் சாப்பிடுகிறதை முதலில் வெட்டுங்கள்: சாம்பல் என்று நாம் சொல்கிற பச்சைத் தொடுகறிக்கு வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி. மூடி வைத்துவிடுங்கள். அடுத்து வேகிற காய்கள்: தாளிக்கிற வெங்காயம், இஞ்சி, பூண்டு, உருளைக்கிழங்கு. கடைசியில் கோழி. கோழி தொட்ட கத்தி கழுவாமல் வேறு எதையும் தொடக் கூடாது, ரொட்டியைக்கூட.

கோழியை எலும்போடு சின்னத் துண்டாகப் போட நினைத்தால் கசாப்புக் கடையிலேயே வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அது கனமான கத்தி வேலை. முழுக்கோழியைப் பெரிய துண்டுகளாகப் பிரிக்க மட்டும் மடக்குக் கத்தி அருமையான கத்தி. காலை உடம்பிலிருந்து விலக்கி நடுவில் தோலைக் கீறுங்கள். காலைப் பின்பக்கம் மடக்கினால் பொக்கென்று ஒரு சத்தம் கேட்கும், மூட்டு வெளியே வந்து வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்கும் குழிக்கும் நடுவில் அலகை விட்டால் வெண்ணெய் மாதிரி போகும். போகவில்லை என்றால் எலும்பில் இருக்கிறீர்கள், அழுத்தாதீர்கள், கத்தியை எடுத்து ஒரு நெல் அளவு தள்ளி வையுங்கள்.

மறுநாள் மீந்த கறிக்கு பன்னிச் சோவ், அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறியை ஊற்றுகிற பண்டம், செய்ய இதைவிட நல்ல கத்தி கிடையாது. வெட்டாத வெள்ளை ரொட்டியை நான்காக்கி, வெட்டிய முகத்தை மேலே வைத்து, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. விட்டு முனையை உள்ளே இறக்கி, லேசாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே நான்கு பக்கமும் வாருங்கள். அடியில் இரண்டு விரல் கனம் மிஞ்ச வேண்டும், ஓட்டை விழுந்தால் குழம்பு மடியில் வரும். அப்புறம் விரல்களை விட்டு நடுச் சதையை ஒரே கட்டியாகப் பிடுங்குங்கள், அந்தக் கட்டியைக் கறிக்கு மேல் மூடி மாதிரி வைக்கலாம். அடுக்களைக் கத்தியின் அகலம் அந்த மூலைகளில் திரும்பாது, இந்த ஒல்லி அலகு திரும்பும். அன்னாசியின் கண்களைச் சாய்வாகக் கீறி எடுக்கவும் இதே அலகுதான், அப்புறம் அதன் மேல் மிளகாய் மசாலாத் தூவிக் கடற்கரையில் விற்கிற மாதிரி சாப்பிடுங்கள்.

எதற்கு ஆகாது

பட்டர்நட் பூசணியின் உருண்டைப் பக்கம், பச்சைப் பூசணி, தேங்காய், உறைந்த கறி. கத்தியை உள்ளே ஏற்றிவிட்டு முதுகில் கல்லால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அடி முழுவதும் கீல் ஆணியில்தான் இறங்கும், ஒரு நாள் அடித்தால் அப்புறம் எப்போதும் ஆடும். ஜெம் ஸ்குவாஷ் என்கிற சின்ன உருண்டைப் பூசணியை முழுதாக வேகவைத்துவிட்டு வெட்டுங்கள், முனையால் ஓர் ஓட்டை போட்டு வேகவையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். மடும்பியையும் அப்படியே, சேப்பங்கிழங்குதானே, வேகவைத்தால் தோல் கையோடு வரும், கை அரிப்பும் இல்லை. டின் மூடியை நெம்புவது, போத்தல் திறப்பது, இதெல்லாம் முனையை உடைக்கிற வழி.

குத்துகிற வேலையும் குறையுங்கள். முனையை முன்னால் வைத்துக் கடினமான ஒன்றில் குத்தினால் அலகு பின்னால் மடங்கப் பார்க்கும், நடுவில் நிற்பது பூட்டு மட்டும்தான்.

மீன் கொண்டு வந்தால்

தெற்குக் கடற்கரையில் ஷாட் மீன் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் இடுப்பில் மடக்குக் கத்தியோடுதான் நிற்பார்கள். ஷாட் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு, 30 செ.மீ.க்குக் குறைந்தால் கடலில் விட வேண்டும், அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது. பிடித்த உடனே செவுள் பக்கம் வெட்டி இரத்தத்தை வடித்து ஐஸில் வையுங்கள், இந்த மீன் சதை சீக்கிரம் குழைந்துபோகும்.

செதிலை அலகின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கம் தேயுங்கள், கூர்ப்பக்கத்தால் வேண்டாம். கழிவுத் துளையிலிருந்து தாடை வரை வயிற்றைக் கிழிக்கும்போது முனையை ஆழமாக விடாதீர்கள், குடல் கிழிந்தால் கசப்பு. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர், பிறந்தது முதல் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறவர், எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார்: கத்தியைத் திறந்ததும் கீல் இருக்கிற காடியில் ஒரு சின்னத் துண்டு ரொட்டிச் சதையைத் திணித்துவிடு தம்பி, செதில் உள்ளே போகாது, முடிந்ததும் பிடுங்கிப் போடு. அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். கடல் தண்ணீரில் கழுவின கத்தியை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும், மறுநாள் என்று வைத்தால் துரு.

கழுவுவது

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2017, 2018-ல் இந்த நாட்டில் லிஸ்டீரியா நோய் பரவியது, 1,060 பேருக்கு வந்து 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கடைசியில் அதன் வேர் சமைக்காமல் அப்படியே சாப்பிடுகிற பொலோனி இறைச்சியில் இருந்தது. அந்தக் கிருமி குளிர்பெட்டிக்குள்ளேயும் வளரும், ஈரமான இடுக்கில் தங்கிவிடும். ஈரமான இடுக்கு என்றால் உங்கள் கையில் இருக்கிற கத்தியின் காடியைப் பாருங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, என் பிள்ளைகள் அந்தக் கத்தியில் வெட்டிய மாம்பழத்தைச் சாப்பிடுகிறார்கள்.

கத்தியைத் திறந்து பூட்டி, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு அலகைத் தேய்த்துவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றைக் காடிக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதல் முறை செய்கிறபோது என்ன வருகிறது என்று பாருங்கள்: காய்ந்த வெங்காயத் தோலின் ஒரு கீற்று, மஞ்சள் கறை, மாவு மாதிரி ஏதோ ஒன்று. அப்புறம் அலகைப் பாதி மடக்கி அதன் வேர்ப்பக்கத்தைத் தேயுங்கள், அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது கண்ணில் படாது. பல்குச்சியில் துணியைச் சுற்றிக் காடியின் மூலையைத் துடையுங்கள். மரப்பிடியைத் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. பச்சைக் கோழி, மீன் வெட்டின அன்றைக்குக் கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அலகின் மேலும் காடிக்குள்ளும் ஊற்றி உடனே உதறித் துடையுங்கள், பிடிக்கிற கையில் துணி இருக்கட்டும்.

சாணை

1000 நம்பர் கல் ஒன்று போதும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, அலகைக் கல்லோடு ஏறக்குறைய 20 பாகைச் சாய்வில் வையுங்கள். பாகை அளக்க வேண்டாம், செங்குத்தில் பாதி 45, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கல்லின் மேல் பாலாடையைச் சீவி எடுக்கிற மாதிரி கூரை முன்னால் விட்டுத் தள்ளுங்கள், அடியிலிருந்து முனை வரை. ஒரே பக்கம் பத்துப் பதினைந்து இழுப்பு ஆனதும் மறுபக்கத்து ஓரத்தைக் கட்டைவிரலால் குறுக்கே தடவுங்கள், நெடுக்கே இல்லை. கம்பி மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். அது நீளம் முழுவதும் வந்தால்தான் மறுபக்கம் திருப்ப வேண்டும். அங்கேயும் பிசிறு வந்ததும் மாற்றி மாற்றி லேசாக இழுத்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் கூர் பின்னால் இருக்கும்படி பத்து முறை இழுங்கள். முகாமில் கல் இல்லை என்றால் பீங்கான் குவளையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாமல் சொரசொரவென்று இருக்கிற வளையத்தில் தேய்க்கலாம், ஒரு சமையலுக்குத் தாங்கும்.

காகிதத்தை வெட்டிப் பார்க்க வேண்டாம், பழுத்த தக்காளி ஒன்றை எடுங்கள். பிடிக்காமல் பலகையில் வைத்து, கத்தியின் எடையிலேயே இழுத்தால் தோலில் அலகு கடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வழுக்கினால் இன்னும் பிசிறு இருக்கிறது.

எடுத்துப் போவதும் வைப்பதும்

2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம், 15-ஆம் எண், கத்தி வைத்திருப்பதையே குற்றம் என்று சொல்லவில்லை. தப்பான காரியத்துக்கு வைத்திருக்கிறார் என்று நியாயமாகச் சந்தேகப்படும்படியான சூழ்நிலையில் வைத்திருப்பதுதான் குற்றம். ஓக்காப்பிக்குத் தெருச்சண்டையோடு சேர்ந்த ஒரு பெயரும் இருப்பதால் நான் சட்டைப்பையில் எப்போதும் போடுவதில்லை. நறுக்குப்பலகை, கரண்டி, மசாலா டப்பாவோடு சமையல் கூடைக்குள் வைத்து, கூடையைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் போவேன். விமானத்தில் கைப்பையில் போடாதீர்கள், வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கூடையிலேயே விட்டுவிடாதீர்கள். டர்பன் காற்றில் மூடின காடிக்குள் ஈரம் ஒரு வாரம் நிற்கும். துடைத்து, பூட்டைப் போட்டுத் திறந்தபடி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், குளிர்பெட்டி மேல் துணியில் ஒரு ராத்திரி காய விடுங்கள். காலையில் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், கார்பன் என்றால் அலகிலும் ஒரு தடவல், மடக்கி உள்ளே வைத்துவிடலாம்.